வானிலை நன்றாக இருக்கிறது

நகரம்
6 செப்டம்பர் 2003

அப்பா,

நான் செத்துப்போகவில்லை. நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்பதால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். விமானம் நம் ஏரியைத் தாண்டியதும் ஒரு குலுக்கல் குலுக்கியது. முன்சீட்டுக்காரரின் தொப்பியில் வாந்தி எடுத்துவிட்டேன். விமானத்தில் 'வி' மட்டும்தான் மிச்சம், மானம் போய்விட்டது.

ஓடுதளத்துக்கு எல்லோருடைய ஆட்களும் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு சாம்சன் மாமா தனக்குப் பிள்ளை இல்லாத குறைக்கு எங்கள் எல்லோரையும் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கு வந்தது உங்கள் மரம் அறுக்கும் இயந்திரத்தின் சத்தம் மட்டும். காட்டுக்குள்ளிருந்து ர்ர்ர் என்று. விமானம் கிளம்பும்வரை அது நிற்கவில்லை. நம் வீட்டில் ஏற்கெனவே ஊருக்கே போதுமான விறகு கிடக்கிறதே? அறுக்க இருந்த கை அசைக்க இல்லையா?

"உங்க அப்பா எங்கடி?" என்று ஆர்லிஸ் கேட்டாள். அவள் அடுத்த ஏரிக்காரி, என் பக்கத்து சீட்.

"அவருக்கு மரத்தோட பேசுறதுதான் வசதி. அது திருப்பிப் பேசாது" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

நம் இரட்டைக்கல் ஏரியில் படிப்பு எட்டாம் வகுப்போடு கரை தட்டிவிடுகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் நகரம், முன்பின் தெரியாத ஒருத்தியின் வீடு. எனக்கு வாய்த்தவர் திருமதி கில்மோர். வீட்டுச் சுவர் முழுக்கச் சட்டம், ஒன்றிலும் படம் இல்லை. 'காலணியைக் கழற்று', 'கைகழுவு', 'கூப்பிட்டால் மட்டும் மேலே வா'. என் அறை நிலவறையில். நான் சாப்பிடுவதும் அங்கேதான், சலவை இயந்திரத்தோடு. அது என்னைவிடச் சத்தமாக மெல்லுகிறது.

பெட்டியைத் திறந்தால் அடியில் புகைபோட்ட மீன், துணியில் சுற்றி. நான் வைக்கவில்லை. நம் வீட்டில் வேறு யாரும் இல்லை. அம்மா நம்மை விட்டுவிட்டு வின்னிபெக் போனதிலிருந்து நீங்களும் நானும் அடுப்பும்தான். அடுப்பு வைத்திருக்காது.

ஊர் வானொலியில் பிங்கோ ஆட்டத்தின் பரிசு எண்களை வேண்டுமென்றே மாற்றி வாசித்த நான் தொலைந்தேன் என்று ஊரே நிம்மதியாக இருக்குமே? எழுதுங்கள். பள்ளி முகவரிக்கு எழுதுங்கள், இந்த அம்மாளுக்கு உறை என்றாலே பிரிக்கத் தோன்றுகிறது.

உங்கள் ஒரே மகள்,
கெசியா

*

இரட்டைக்கல் ஏரி
15 செப்டம்பர் 2003

அன்புள்ள கெசியா,

நான் நலமாக இருக்கிறேன். வானிலை நன்றாக இருக்கிறது. சாப்பாடு நன்றாக இருக்கிறது. நீ நல்ல பிள்ளையாக இரு.

இப்படிக்கு,
அப்பா

*

நகரம்
24 செப்டம்பர் 2003

அப்பா,

கடிதம் கிடைத்தது. படிக்கத் தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது. ஆர்லிஸ் உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள். "மீதி எங்க? எலி தின்னுடுச்சா?" என்றாள்.

வானிலை நன்றாக இருக்கிறதாம். இங்கே வானொலியில் வடக்கே முழுக்க ஆலங்கட்டி மழை என்கிறார்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறதாம். சமைத்தது யார், நீங்களா? உங்கள் கஞ்சியை நம் நாய் முகர்ந்துவிட்டு வீட்டை விட்டு ஓடிய கதை எனக்குத் தெரியாதா? யாரோ கரும்பலகையில் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதிய மாதிரி இருக்கிறது. எழுத்து வேறு அவ்வளவு அழகு, ஒவ்வொன்றும் முதுகை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது.

சொந்தமாக ஒரு வரி எழுதுங்கள் அப்பா. திட்டுங்கள், அதுவும் வரிதான்.

என் வரிகள் இதோ. திருமதி கில்மோர் அந்த மீனைக் குப்பையில் போட்டுவிட்டார். "இந்த நாத்தம் என் வீட்டுல வேண்டாம்." பதிலுக்கு நான் சர்க்கரை ஜாடியில் உப்பைக் கொட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அவருடைய தேவாலயத் தோழிகள் தேநீருக்கு வந்திருந்தார்கள். ஒரே மடக்கில் எல்லோருக்கும் மனம் திரும்பியது. அன்றிலிருந்து குளிர்சாதனப் பெட்டிக்குப் பூட்டு. அதற்குக் குளிர், எனக்குச் சோதனை. நான் இப்போது உங்களை மாதிரியே ரொட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே இருப்பேன் அல்லவா, இப்போது கேட்கமாட்டேன்.

நகரத்துக்காரர்கள் அன்பானவர்கள். நேற்று நானும் ஆர்லிஸும் பேருந்துக்கு நின்றபோது காரில் போனவர்கள் முட்டை வீசினார்கள். வேகவைக்காமல். சமைக்கத் தெரியாத ஊர். கூடவே எங்கள் பூர்வகுடி இனத்துக்கு ஒரு பெயரும் வைத்தார்கள். அதை உங்களுக்கு எழுதத் தேவையில்லை, உங்களுக்குத் தெரிந்த பெயர்தான்.

கெசியா

*

இரட்டைக்கல் ஏரி
2 அக்டோபர் 2003

அன்புள்ள கெசியா,

நான் நலமாக இருக்கிறேன். வானிலை நன்றாக இருக்கிறது. சாப்பாடு நன்றாக இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். சின்ன வயதில் எங்களைக் கொண்டுபோய் வைத்த விடுதிப் பள்ளியில் அப்படித்தான் பழக்கினார்கள். ஞாயிறு மதியம் வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தைக் கன்னியாஸ்திரி கரும்பலகையில் எழுதுவார். நாங்கள் பார்த்து எழுதுவோம். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்தால் பெல்ட் அடி. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு கடிதம்தான்.

உப்பு விளையாட்டை நிறுத்து. அந்த அம்மாள் சொல்கிறபடி கேள். எதிர்த்துப் பேசாதே. பேசாமல் இருந்தால் சீக்கிரம் முடியும்.

நீ நல்ல பிள்ளையாக இரு.

இப்படிக்கு,
அப்பா

*

நகரம்
11 அக்டோபர் 2003

அன்புள்ள அப்பா,

நான் நலமாக இருக்கிறேன். வானிலை நன்றாக இருக்கிறது. சாப்பாடு நன்றாக இருக்கிறது. நான் நல்ல பிள்ளையாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கெசியா

*

இரட்டைக்கல் ஏரி
25 அக்டோபர் 2003

கெசியா,

வேடிக்கை நன்றாக இருந்ததா?

உன் கடிதம் வந்தபோது நானும் சாம்சனும் கடமான் ஒன்றைத் தோலுரித்துக்கொண்டிருந்தோம். இந்த வருடம் எனக்குக் கிடைத்த ஒரே கடமான். படித்தேன். கத்தியைக் கீழே வைத்தேன். "எங்கய்யா போற, பாதியில போட்டுட்டு?" என்று சாம்சன் கத்தினார். கை கழுவக்கூட நிற்கவில்லை. பள்ளியிலிருந்து வந்த நாள்முதல் நான் விமானத்தில் ஏறியதில்லை. உனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். பக்கத்திலிருந்த பையன் நான் செபம் செய்கிறேன் என்று நினைத்து வானொலியின் சத்தத்தைக் குறைத்தான்.

அந்த வீட்டின் கதவைத் தட்டினால் நீ வந்து சிரித்தாய். "ஐயோ அப்பா, அது சும்மா! உங்கள மாதிரியே எழுதிப் பாத்தேன்!" என்றாய். அந்த அம்மாளும் சிரித்தார். "இவ எப்பவும் இப்படித்தான், குறும்பு" என்றார். எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். நான் திரும்பி வந்துவிட்டேன். வந்து பார்த்தால் இறைச்சியில் பாதியை அண்டங்காக்கைகள் தின்றிருந்தன.

எதை வைத்து வேண்டுமானாலும் விளையாடு. இதை வைத்து விளையாடாதே.

உனக்கு ஹானா அத்தை ஒருத்தி இருந்தாள். நான் சொன்னதில்லை. என்னைவிட மூன்று வயது மூத்தவள். மிதவை விமானம் எங்கள் இருவரையும் ஒரே நாளில் ஏற்றிக்கொண்டு போனது. கரையில் பெற்றோர்கள் வரிசையாக நின்றார்கள். என் அப்பா கையசைத்தார். தன் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து ஒரு மனிதன் எப்படிக் கையசைக்க முடியும் என்று நான் வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் போலீஸ்காரர் நின்றார் என்று பிறகுதான் தெரிந்தது. நான் ஓடுதளத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாய். என்னால் கையசைக்க முடியாது. அவ்வளவுதான்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஹானா இருமினாள். நோயாளிகள் அறைக்குக் கொண்டுபோனார்கள். அதன் சன்னலில் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு நாக்கைத் துருத்திக் காட்டினாள். அவளும் உன் மாதிரிதான். அந்த ஞாயிறும் பலகையில் எழுதினார்கள், நான் நலமாக இருக்கிறேன், வானிலை நன்றாக இருக்கிறது. நான் பார்த்து எழுதினேன். பலகையில் ஹானா இல்லை. அதனால் என் கடிதத்திலும் இல்லை.

அவள் பெயரிலும் ஒரு கடிதம் போயிருக்கிறது. அவள் எழுதினாளா, வேறு யாராவது எழுதினார்களா, தெரியாது. என் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கடைக்காரர் வாசித்துச் சொன்னார். அம்மா சந்தோஷப்பட்டு அதை அடுப்புக்கு மேலே சுவரில் ஆணியடித்து வைத்தாள். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள். கடிதம் வந்துசேர்ந்த அன்றைக்கு ஹானா மண்ணுக்குள் இருந்தாள். அதை யாரும் எழுதவில்லை. கோடையில் நான் தனியாக இறங்கினேன். எனக்குப் பின்னால் விமானத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். அப்போதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது.

அந்தக் கடிதத்தை நீ எனக்கு அனுப்பினாய், சிரிப்பதற்காக.

இனி எழுத வேண்டாம்.

எலைஜா

*

நகரம்
2 நவம்பர் 2003

அப்பா,

எழுத வேண்டாம் என்றீர்கள். நான் என்றைக்குச் சொன்ன பேச்சு கேட்டிருக்கிறேன்?

முதலில் ஒரு நகைச்சுவை யோசித்தேன். வரவில்லை. உங்கள் கடிதத்தைப் பள்ளிக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன். ஆர்லிஸ் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "என்னடி, உள்ளயே குடித்தனம் வெச்சிட்டியா?" என்றாள்.

நான் அனுப்பிய அந்தக் கடிதம் விளையாட்டு இல்லை.

என் பையில் பாதி எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. பூட்டைப் பற்றி, முட்டையைப் பற்றி, அந்த அம்மாளின் மூக்கைப் பற்றி. அதை அவர் எடுத்துப் படித்துவிட்டார். அன்று இரவுச் சாப்பாடு இல்லை. மறுநாள் என்னை மேலே கூப்பிட்டு, மேசையில் தாளை வைத்தார். "உங்க அப்பாவுக்கு எழுது. நல்லா இருக்கேன்னு எழுது. நான் பாத்துட்டுத்தான் ஒட்டுவேன்." பேனாவை எடுத்ததும் உங்கள் வரிகள்தான் கையில் வந்தன. அவருக்குப் பிடித்துப்போகும், உங்களுக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு சொல்கூட நான் மாற்றவில்லை.

பள்ளியிலிருந்து வேறு கடிதம் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டிருக்கலாம். ஆர்லிஸ் தபால்தலை தந்திருப்பாள். மூன்று தாள் கிழித்தேன். 'அப்பா, என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.' இவ்வளவுதான் எழுத வேண்டும். கை ஓடவில்லை. நம் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. ஐந்து வயதில் எனக்குப் பல் வலித்தபோதுகூட நான் உங்களிடம் சொன்னது, 'அப்பா, என் பல்லு ஒரு மாதிரி ஜோக்கடிக்குது.' நினைவிருக்கிறதா? நீங்கள் சிரிக்கவில்லை, பனிவண்டியில் வைத்து மருந்தகத்துக்குக் கொண்டுபோனீர்கள். அன்றுமுதல் எனக்கு அதுதான் வழி.

நிலவறைக் கதவு பற்றியும் நான் எழுதவில்லை. ஏழு மணிக்குக் கீழே அனுப்பிவிட்டு வெளியிலிருந்து தாழ் போட்டுவிடுவார். "உங்க இனத்துப் பிள்ளைங்க ஆத்தங்கரையில சுத்தித் தொலைஞ்சு போகுது. உன் நல்லதுக்குத்தான்." கழிப்பறை மேலேதான் இருக்கிறது. ஒரு வாளி வைத்திருக்கிறார். இதில் ஒரு சிலேடை இருக்கிறது, எனக்கு எழுத வரவில்லை.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. படியேறி ஓடிவந்தேன். பெட்டியைக்கூடக் கட்டி வைத்திருந்தேன் அப்பா, கட்டிலுக்கு அடியில்.

நீங்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு. காலணியைக் கழற்றிச் சுவரோரம் நேராக அடுக்கினீர்கள். அந்த அம்மாள் உங்கள் தோள் உயரம்கூட இல்லை. "என்ன விஷயம்?" என்றார். நீங்கள் "ஒண்ணுமில்லீங்கம்மா" என்றீர்கள். "உள்ள வரலாங்களாம்மா" என்றீர்கள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அது என் வயதுக்கும் சின்னதாக இருந்தது.

குப்பைமேட்டுக்கு வந்த கரடியைத் தகரத்தைத் தட்டித் திட்டி விரட்டியவர் நீங்கள். அது போகும்போது திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது, மன்னிப்புக் கேட்கிற மாதிரி. எனக்கு அந்த அப்பாதான் தெரியும்.

அந்த அம்மாள் என் தோளில் கைவைத்து, "இங்க உனக்கு என்ன குறைன்னு அப்பாகிட்ட சொல்லேன்" என்றார். நான் உங்களைப் பார்த்தேன். நான் உண்மையைச் சொன்னால் நீங்கள் அவரோடு சண்டை போட வேண்டியிருக்கும். உங்களால் முடியாது என்று தெரிந்தது. நான் சொல்லியும் நீங்கள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றால், அதன்பிறகு எனக்கு அப்பா கிடையாது. அதனால் சிரித்தேன்.

உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. உங்களை அங்கிருந்து வெளியே அனுப்பத்தான் சிரித்தேன்.

ஹானா அத்தையைப் பற்றி இத்தனை நாளும் சொல்லாமல் இருந்ததற்கு உங்களை மன்னிக்கமாட்டேன். நாக்கைத் துருத்துகிற ஒருத்தி நம் குடும்பத்தில் எனக்கு முன்னாலேயே இருந்தாள் என்று தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இந்தக் கடிதத்தை ஆர்லிஸ் தபாலில் போடுகிறாள். இதோ எழுதுகிறேன், நான்காவது தாள்.

அப்பா, என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.

கெசியா

*

இரட்டைக்கல் ஏரி
10 நவம்பர் 2003

கெசியா,

இது பலகையில் இல்லாத கடிதம். எழுத்து கோணலாக இருக்கும். சாம்சன் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். "கடுதாசியா எழுதுற, பல்லு புடுங்குற மாதிரி முகத்த வெச்சிருக்க?" என்கிறார்.

நீ சிரித்ததை நான் நம்பவில்லை.

அதைத்தான் முன்பு எழுதியிருக்க வேண்டும். உன் தோளுக்குப் பின்னால் நிலவறைக் கதவு தெரிந்தது. தாழ் வெளிப்பக்கம் இருந்தது. உன் சட்டைப்பை ரொட்டியால் புடைத்திருந்தது. நீ ஒரு சொல்லும் சொல்லியிருக்கத் தேவையில்லை. நான் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

ஆனால் அந்த வீட்டுத் தரைக்கு மெழுகு போட்டிருந்தார்கள். அந்தப் பள்ளியில் இருந்த அதே வாசனை. என் கால் காலணியைத் தானே கழற்றியது. என் வாய் தானே பேசியது. நான் நாற்பத்தெட்டு வயதுக்காரன் என்பது எனக்கு மறந்துபோனது. நீ சிரித்ததும், போகலாம் என்று யாரோ அனுமதி கொடுத்த மாதிரி இருந்தது. ஓடிவிட்டேன். தெருமுனையில் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். நீ தொப்பியில் எடுத்தது பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து உன்மேல் கோபப்பட்டேன். அது சுலபமாக இருந்தது. அந்தப் பிஸ்கட் இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது.

ஊர் அலுவலகத்தில் விசாரித்தேன். நடுவில் விட்டுவிட்டு வந்தால் இந்த வருடப் படிப்பு போகும் என்கிறார்கள். தபால்வழிப் படிப்பு உண்டாம், ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையாம். அடுத்த வருடமும் நம் ஏரியில் ஒன்பதாம் வகுப்பு வராது. அப்போது மறுபடியும் விமானம்தான். அன்றைக்கு எங்களைக் கொண்டுபோகப் போலீஸ்காரர் வேண்டியிருந்தது. இன்றைக்கு நாங்களே பெட்டி கட்டி, நாங்களே ஏற்றிவிட்டு, நாங்களே கையசைக்கிறோம். அவர்களுக்கு வேலை மிச்சம். உனக்கு நான் நல்ல வழி எதையும் வைத்திருக்கவில்லை. வீடும் அடுப்பும்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை விமானத்தில் வருகிறேன். சாம்சனும் வருகிறார். வழியில் நான் திரும்பிவிட்டால் என்னைத் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதம் அதே விமானத்தில் வருவதில் பயனில்லை, அதனால் இன்று நகரத்துக்குக் கிளம்புகிற மருந்தகச் செவிலியின் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளையே பள்ளியில் உன்னிடம் சேர்த்துவிடுவாள்.

கவனமாகப் படி. நான் அந்த வீட்டுக்குள் வரமாட்டேன். என்னால் முடியாது. வாசற்படிகூட வேண்டாம். தெருவுக்கு எதிர்ப்பக்கம், தபால்பெட்டி பக்கத்தில் நிற்பேன். காலணியைக் கழற்றமாட்டேன். நீ பள்ளிவிட்டு வந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, முன்கதவு வழியாக வெளியே வா. அந்த அம்மாள் ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்று நீ என்னிடம் கேட்க வேண்டாம். உனக்கு வாய் இருக்கிறது. உள்ளே இருக்கிற பாதி தூரம் நீ வர வேண்டும். அது அப்பா செய்ய வேண்டிய பாதி. எனக்குத் தெரியும்.

நான் கையசைக்கமாட்டேன். அதை வைத்து நான் வரவில்லை என்று நினைத்துவிடாதே.

ஹானாவைப் பற்றி இன்னொன்று. அவள் கன்னியாஸ்திரியின் முக்காட்டில் உயிரோடு ஒரு தவளையைப் போட்டாள். மற்றதெல்லாம் நேரில் சொல்கிறேன். விமானத்தில் கண்ணைத் திறந்துகொள்ளப் பேச்சு வேண்டும்.

இங்கே வானிலை மோசமாக இருக்கிறது. சாப்பாடு தீய்ந்துபோனது. நான் நலமாக இல்லை. நீ நல்ல பிள்ளையாக இருக்க வேண்டாம்.

அப்பா